குகை வண்டி வேடிக்கை: ஆடி மாதச் சேலத்தில் ஓர் இரவு

சேலத்தில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சேலத்தில் தங்குவதில்லை. ஜங்ஷன் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு நேரே ஏற்காடு பஸ் பிடித்துவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏரியில் படகு, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், சாயங்காலம் இறக்கம். மலை அங்கேயேதான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். ஆடி மாதம் இந்தப் பக்கம் வந்தால் ஒரு ராத்திரியாவது டவுனில் தங்குங்கள். தமிழ்நாட்டில் நான் பார்த்த தெருக்கலைகளில் என் மனசுக்கு மிக நெருக்கமானது, சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கும் மாரியம்மன் காளியம்மன் கோயிலின் வண்டி வேடிக்கை, அதாவது தெய்வ வேடம் போட்டவர்கள் வண்டிகளில் வருகிற ஊர்வலம். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு, பெரிய ஓட்டல்கள் எல்லாம் இருப்பது புதுச் சேலம். பழைய சேலம் திருமணிமுத்தாற்றை ஒட்டிய பேட்டைகளில் இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு 2023-இல் ஈரடுக்காக மாறித் திறக்கப்பட்டுவிட்டது. அங்கே இறங்கினால் ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் செவ்வாய்ப்பேட்டை, தெற்கே திருச்சி மெயின் ரோட்டில் குகை என்று எல்லாமே நடக்கிற தூரம்தான். செவ்வாய்ப்பேட்டை சந்துகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், லீ பஜாரில் மளிகை மண்டிகள். குகையிலும் அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் தறி. ஒரே தெருவில் நடந்து போகையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் நான்கும் காதில் விழும். சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற திருமணிமுத்தாறு மட்டும் ஊருக்குள் வந்ததும் சாக்கடையைச் சுமந்துகொண்டு போகிறது. பாலத்தில் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

இந்தப் பேட்டைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாரியம்மன் உண்டு. எல்லோருக்கும் தலைவி கோட்டை மாரியம்மன். 'எட்டுப்பேட்டையையும் கட்டியாளும் அம்மன்' என்று சேலத்துக்காரர்கள் சொல்வார்கள். ஆடி பிறந்ததும் பூச்சாட்டுதல், அடுத்து கம்பம் நடுதல், சக்தி அழைத்தல், சக்தி கரகம், அப்புறம் பொங்கல், மாவிளக்கு, வேண்டுதலுக்காகத் தரையில் உருளுகிற உருளுதண்டம் என்று விழா வாரக்கணக்கில் போகும். பொங்கல் வைக்கிற புதன்கிழமை மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். கோட்டைக் கோயிலில் பல வருஷம் திருப்பணி நடந்து 2023 அக்டோபரில் கும்பாபிஷேகம் ஆனது. பொங்கலன்று வரிசையில் நின்று அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வேப்பிலை வாசமும் பம்பைச் சத்தமும் தெரு முனை வரைக்கும் கூடவே வரும்.

வண்டி வேடிக்கை பொங்கலுக்கு மறுநாள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற விழா இது. சாதாரண ஜனங்களே தெய்வ வேடம் போட்டுக்கொண்டு, அலங்கரித்த வண்டிகளில் புராணக் காட்சிகளாக உட்கார்ந்தும் நின்றும் ஊர்வலமாக வந்து கோயிலைச் சுற்றுவார்கள். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது. காட்சி மட்டும். வேண்டுதலுக்காக வேடம் போடுகிறவர்கள் உண்டு. பரம்பரையாக எங்கள் குடும்பத்து வண்டி என்று விடாமல் நடத்துகிறவர்களும் உண்டு. நன்றாக அமைந்த வண்டிகளுக்குப் பரிசும் தருகிறார்கள்.

ராத்திரி ஊர்வலத்துக்கு மட்டும் வருகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். மத்தியானமே வந்துவிட வேண்டும். என்னைக் கூட்டிப்போனவள் என்னோடு கல்லூரியில் படித்த தோழி. அவள் வீடு குகையில். அவள் அப்பா வாழ்நாள் முழுக்கத் தறி நெய்தவர். மதியச் சாப்பாடு முடிந்ததும், "வா கண்ணு, வேஷம் கட்டுற எடத்துக்குப் போலாம்" என்று அவரே முன்னால் நடந்தார்.

ஒரு தறி வீட்டின் கூடத்தில் தறியின் பாவு நூலை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். வரிசையாக ஆட்கள் மல்லாந்து படுத்திருந்தார்கள். அவர்கள் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருவர் முகம் எழுதிக்கொண்டிருந்தார். ஓமலூர்ப் பக்கத்துக் கூத்துக் குழு (ஜமா) ஒன்றில் வேஷம் கட்டுகிறவர். சேலம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. அந்தக் கைதான் இங்கேயும் வந்திருக்கிறது. முத்துவெள்ளை என்கிற ஒப்பனைப் பொடியைத் தேங்காய் எண்ணெய் விட்டு உள்ளங்கையில் குழைத்து, நெற்றியிலிருந்து கீழ்நோக்கி இழுத்துத் தடவினார். அது கொஞ்சம் காய்ந்ததும் அதன்மேல் நீலம். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், இமை ஓரத்தில் என்று எங்கேயும் தோல் தெரியாமல் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி மூடினார். கடைசியில் ஈர்க்குச்சி நுனியில் மை தொட்டு மூச்சை அடக்கிக்கொண்டு புருவம் வரைந்தார். வேஷம் போட்டுக்கொண்டவர் படுக்கும்போது செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கிற அண்ணன். எழுந்து உட்காரும்போது சிவன். பேச்சு அதோடு நின்றுவிட்டது. கூடத்தில் இருந்தவர்களும் அதற்குப் பிறகு அவரை 'வாங்க', 'இப்படி உட்காருங்க' என்று மரியாதையோடுதான் அழைத்தார்கள். அவர் தம்பி உட்பட.

பக்கத்தில் ஒரு சின்னப் பெண், எட்டு ஒன்பது வயது இருக்கும், பாலா திரிபுரசுந்தரி வேடத்துக்காக உட்கார்ந்திருந்தாள். உதட்டுச் சாயம் கலையக் கூடாது என்று அவள் ஆயா தயிர்சோற்றைச் சின்ன உருண்டையாக உருட்டி, வாயை அகலத் திறக்கச் சொல்லி நாக்கின் மேல் வைத்தார். "மெல்லாம முழுங்கிடு சாமி" என்றார். பேத்தியைச் சாமி என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்தில் எப்போதும் உள்ள கொஞ்சல்தான். அந்தக் கிரீடத்தோடும் மாலையோடும் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே தெருவில் வண்டி வேலை. அதுவும் தனிக் கலை. அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஓர் அம்மன் வேண்டும் என்றால், தட்டில் ஓர் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, அதை வளைத்து மேலே கொண்டுபோய், நுனியில் பழைய சைக்கிள் சீட்டைப் பொருத்துகிறார்கள். வேடதாரி அதில் உட்கார்ந்து இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்வார். மேலே பட்டுப்புடவைக் கொசுவம் விழுந்துவிட்டால் குழாய் கண்ணுக்குத் தெரியாது. கூடுதல் கைகளை மரத்தில் செதுக்கி வர்ணம் அடித்துத் தோளுக்குப் பின்னால் கட்டுகிறார்கள். நிஜக் கை எது, மரக்கை எது என்று தெரியாமல் இருக்க எல்லாக் கைக்கும் ஒரே மாதிரி வளையல். அட்டையும் ஜிகினாவும் தெர்மோகோலும் சேர்ந்து கைலாயம் ஆகிறது. குழாயை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அந்த நட்டை இன்னொரு சுத்து முறுக்குடா" என்று இளைஞர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரு லேத் பட்டறைக்காரர். இந்த நகரத்தின் கைத்தொழில் அத்தனையும் ஒரு வண்டியின் மேல் ஏறி நிற்பதைப் பார்க்கிறோம்: நெசவு, வெள்ளி வேலை, வெல்டிங், தச்சு, பூக்கட்டு. சேலத்தில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களை நான் இந்தத் தெருவுக்குத்தான் அனுப்புவேன்.

இருட்டியதும் ஊர்வலம். அந்த நேரத்துக்குள் திருச்சி மெயின் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மொட்டை மாடி, திண்ணை, மூடிய கடைகளின் படி எல்லாவற்றிலும் ஜனங்கள். நாங்கள் தோழியின் சித்தி வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தோம். கொம்புக்கு வர்ணம் பூசிய காளைகள் இழுக்கும் மாட்டு வண்டிகள், டிராக்டர்கள், மினி லாரிகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்னால் ஜெனரேட்டர், சுற்றிலும் சீரியல் பல்பு, முன்னால் பம்பையும் உடுக்கையும். மகிஷனை மிதித்தபடி ஓர் அம்மன். மீனாட்சி கல்யாணம். பாற்கடலில் படுத்திருக்கும் பெருமாள், காலடியில் லட்சுமி.

எனக்குப் பெரிய ஆச்சரியம் அசையாமை. காளை நின்று நின்று இழுக்கிறது, வண்டி குழியில் இறங்கி ஏறுகிறது, நாலு பக்கமும் செல்போன் வெளிச்சம், ஜெனரேட்டர் புகை. மேலே இருப்பவர் தூக்கிய கையை இறக்குவதில்லை. மகிஷனை மிதித்துக்கொண்டிருந்த அம்மன் எங்கள் திண்ணைக்கு நேரே வந்து நின்றாள். முன்னால் போன வண்டி ஏதோ சிக்கலில் நின்றுவிட்டது போல. வெகுநேரம் நகரவில்லை. சூலம் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது. நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி நீலத்தைக் கரைத்துக்கொண்டு மூக்கோரம் இறங்கி உதட்டு மேலே நின்றது. துடைக்கவில்லை. கண் மட்டும் எப்போதாவது இமைத்தது. கீழே பெண்கள் கற்பூரம் காட்டினார்கள். ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி விபூதி வாங்கினாள். அப்போது மட்டும் அந்த அம்மன் குனிந்து, குழந்தை நெற்றியில் இட்டுவிட்டு, மறுபடி பழைய நிலைக்கே போனாள். நாட்டியம், நாடகம் இரண்டிலும் பயிற்சி உள்ளவர்களுக்கே கஷ்டமான காரியம் இது. பகலெல்லாம் தறியிலோ கடையிலோ நின்று உழைத்த உடம்பு இதைச் செய்கிறது.

ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. இந்தக் கலைஞர்கள் பெயர் எங்கேயும் இல்லை. எந்த வண்டியை எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாகக் கட்டுகிறது, முகம் எழுதியவர் யார், எந்த வருஷம் எந்தக் காட்சி வந்தது, இதெல்லாம் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் கிடக்கிறது. தோழியின் அப்பா தன் சின்ன வயசில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வந்த வண்டிகளைப் பற்றி ராத்திரி முழுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு பீரோக்களிலும் பழைய போட்டோ ஸ்டூடியோக்களிலும் படங்கள் கட்டாயம் இருக்கும். சேலத்து மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு தெருவை மட்டுமாவது எடுத்துக்கொண்டு அந்தப் படங்களை ஸ்கேன் செய்து, பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஓர் ஆடிக்கும் அடுத்த ஆடிக்கும் நடுவே செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.

காட்சி அமைக்கிற இந்தத் திறமையைப் பார்க்கும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் ஞாபகம் வராமல் போகாது. டி.ஆர்.சுந்தரம் 1935-இல் ஏற்காடு ரோட்டில் தொடங்கிய ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' 1956-இல் வந்ததும் இங்கிருந்துதான். செட்டு போடவும் ஒப்பனை செய்யவும் ஆள் வேண்டியிருந்த அந்தக் காலத்தில் இந்தப் பேட்டைக் கைகளும் அங்கே போயிருக்கும், அங்கே கற்றதும் இந்த வண்டிகளில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். மறுநாள் அந்த ரோட்டில் போனபோது ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் இடப்பக்கம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போனால் கண்ணில் பட்டுவிடும்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஊர்வலம் பார்த்த கால்வலிக்குத் தட்டுவடை செட்தான் மருந்து. சின்னத் தட்டுவடையின் மேல் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். கையில் வாங்கியதும் வாயில் போட்டுவிட வேண்டும், ஊறவிட்டால் ருசி போய்விடும். அதையே நொறுக்கிக் கலந்து தருவது நொறுக்கல். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் செவ்வாய்ப்பேட்டையிலும் எந்தத் தள்ளுவண்டியில் கூட்டம் அதிகமோ அங்கே சாப்பிடுங்கள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில தகவல்கள். தேதி ஒவ்வொரு வருஷமும் மாறும், ஆடி பிறந்து பூச்சாட்டியதும் பத்திரிகைகளில் வந்துவிடும். அன்று சாயங்காலம் குகைப் பக்கம் பஸ்களை மாற்றிவிடுவார்கள் என்பதால் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடப்பதே மேல். குழந்தைகள், வயசானவர்களோடு போனால் இருட்டுவதற்கு முன்பே ஒரு திண்ணையைப் பார்த்துக் கேட்டு உட்கார்ந்துவிடுங்கள். இல்லை என்று சொல்ல மாட்டார்கள். படம் எடுக்கலாம், ஆனால் பிளாஷ் வேண்டாம். அசையாமல் இருக்கிறவர் கண்ணில் அடிக்கும். குகை முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை மாரியம்மனுக்கும் அம்மாபேட்டை செங்குந்தர் மாரியம்மனுக்கும் தனித்தனியாக வண்டி வேடிக்கை உண்டு. அம்மாபேட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை. வருகிற ஆடிக்கு அங்கேதான் போகப் போகிறேன்.