இடறல் என்னும் சொல்

சென்ற மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் சபைக்கு அண்மையில் மருமகளாக வந்த ஒரு பெண்ணை மூத்த அம்மா ஒருவர் ஓரமாக அழைத்து, தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் காட்டி, “ஆலயத்துக்குப் பூ வச்சுட்டு வராதம்மா, பார்க்கிறவங்களுக்கு இடறலா இருக்கு” என்றார். அந்தப் பெண் ஞானஸ்நானம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. கண்டித்தவரோ நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர்.

எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இடறல், அதாவது பிறரை விசுவாசத்தில் தடுக்கி விழச்செய்வது, என்று சொல்வது நம் சபைகளில் நெடுநாளாக இருக்கும் பழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால் எதிரே நிற்பவருக்குப் பேச்சு எழாது. அப்போஸ்தலன் பவுல் அந்தச் சொல்லை எதற்கு வைத்திருக்கிறார் என்பதைக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். நேற்றுவரை விக்கிரகத்தை வணங்கி, இன்று சபைக்குள் வந்திருக்கும் ஒருவன், அறிவுள்ள விசுவாசி விக்கிரகக் கோவிலில் பந்தியிருப்பதைக் கண்டு துணிந்து, விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாகத் தானும் புசித்துக் கெட்டுப்போவதுதான் அங்கே இடறல். முதிர்ந்தவர் முகம் சுளிப்பதற்கு அந்தப் பெயர் இல்லை. அப்படியானால் அன்றைக்கு ஆலய வாசலில் பலவீனமான சகோதரியாக நின்றவர் யார், அவருக்கு முன்பாகத் தடுக்கலைப் போட்டவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. (பொட்டைப் பற்றிக் கேட்டால் நான் சற்றுத் தயங்குவேன். சிலருக்கு அது வெறும் அலங்காரம். சிலருக்குப் பழைய நேர்த்திக்கடனின் அடையாளம். அதை வைத்திருப்பவரிடமே கேட்டுத்தான் அறிய முடியும்.)

பூவுக்கு எதிராக வேதத்தில் ஒரு வசனமும் இல்லை. மோசே காலத்து வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கிலும், சாலொமோன் கட்டிய ஆலயத்தின் சுவர்களிலும் பூ வேலைப்பாடு செய்யப்பட்டிருந்தது. நகைக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் பேதுருவின் வசனம், பொன்னாபரணத்தோடு பின்னிய மயிரையும் உயர்ந்த வஸ்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் காஞ்சிபுரம் பட்டை யாரும் இடறலாக எண்ணியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொன்மோதிரமும் ஆலயமும் ஒன்றாக வரும் இடம் யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரம். அங்கே அப்போஸ்தலன் மோதிரத்தைக் கழற்றச் சொல்லவில்லை. மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடத்தையும் ஏழைக்குக் காலடியையும் காட்டிய சபையாரைத்தான் கண்டிக்கிறார்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மண்ணில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு வயது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் அவைப்புலவராகவும் இருந்தவர். 1820-களில், புதிதாக வந்த மிஷனெரிகள் பண்டிகைகளிலும் திருமணங்களிலும் பூவை விலக்கியதையும், தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஒடுக்கியதையும், பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றியதையும் எதிர்த்து அவர் கடுமையாக வழக்காடினார். இதுவரை நான் அவர் பக்கம். ஆனால் அதே மனுக்களில், அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணையில் எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரவைப்பதையும் அதே அளவு கொடுமையாக அவர் எழுதினார். மல்லிகையும் சாதி வரிசையும் அவருக்கு ஒன்றுபோலவே “நம் வழக்கம்.” எதிர்ப்பக்கத்திலும் இதே தவறுதான்: சாதியை எதிர்த்த மிஷனெரிகளுக்குப் பூவும் சாதியும் ஒரே புறமதக் கறையாகத் தெரிந்தன. வேதம் எதைக் கண்டிக்கிறது, எதைக் கண்டிக்கவில்லை என்று இரு சாராரும் நின்று பிரித்துப் பார்க்கவில்லை.

1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சாதியைத் திருச்சபையிலிருந்து அடியோடு விலக்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். பூவுக்காக அப்படி யாரும் வெளியேறியதாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்துச் சபைகளில் பூவை விலக்குவது எளிதாக நிலைத்துவிட்டது; சாதி மட்டும் ஆலயத்துக்குள்ளே முன்வரிசையில் அமர்ந்துவிட்டது. நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம் என்பது உண்மைதான். கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுவாரம் அந்தப் பெண் பூ இல்லாமல் வந்தார். எங்கள் வரிசையில் உட்காராமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். அன்று மாலை அந்த மூத்த அம்மா, தம் பேத்திக்கு வரன் பார்ப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். படித்தவன், ஊழியத்தில் வாஞ்சையுள்ளவன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், “நம்ம ஆட்கள்தானே?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அங்கிருந்த ஒருவருக்கும் இடறலாக இல்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் காபி கொண்டுவர எழுந்து உள்ளே போனேன்.