அமராவதி முதலைப் பண்ணை: தயவுசெய்து கல்லை எடுக்காதீங்க

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். அமராவதி அணைப் பக்கத்து முதலைப் பண்ணையில் வேலியோரம் நின்றுகொண்டு ஒரு குடும்பமே முதலைமேல் கல் எறிந்துகொண்டிருந்தது. "பொம்மையாட்டம் கெடக்குதுங்க, உசுரு இருக்குதான்னு பாக்கறோம்" என்றார் பெரியவர். இருக்கிறதுங்க! வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதே உடம்புச் சூட்டைக் குறைக்கத்தான், அதற்கு நம்மைப்போல வேர்க்காது.

உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ் இருக்கிறது, 25 கிலோமீட்டர் பக்கம். ஆட்டோக்காரர் ஒருவர் "எண்ணூறு குடுங்க, திரும்பி வரச் சவாரி கெடைக்காதுங்க" என்று கூசாமல் கேட்டார். அந்தக் காசுக்கு நாங்கள் நாலு பேரும் வயிறாரச் சாப்பிடலாம் என்பதால் வெயிலில் நின்று பஸ்ஸிலேயே போனோம்.

சரி, பண்ணைக்கு வருவோம். தோலுக்காக வேட்டையாடி, முட்டையையும் அள்ளிக்கொண்டு போனதில் முதலைகள் அருகிப்போய், 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சின்னாறு, தேனாறு, பாம்பாறு மூன்றும் வந்து சேரும் இந்த அணைக்குள் சதுப்பு முதலைகள் இயற்கையாகவே இருந்ததால், கரையோரக் குழிகளிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து இங்கே பொரிக்க வைத்தார்கள். எடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும், முதலை முட்டையைப் புரட்டினால் போச்சு. இட்ட ஒரு நாளிலேயே கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்வதால், மேல்பக்கத்தில் பென்சிலால் குறிபோட்டு அப்படியே தூக்கி வைக்க வேண்டுமாம். ஒரு குழியில் 25, 30 முட்டை. பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம். மணல் 30 டிகிரிக்கு உள்ளே இருந்தால் பொரிப்பதெல்லாம் பெண், 32-ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் பெரும்பாலும் ஆண்! இதைக் கேட்டதிலிருந்து என் பையன் வேறு எதையும் பேசவில்லை. குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்தும், காட்டிலென்றால் தாய் அதைக் கேட்டு மண்ணைத் தோண்டி, வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். அத்தனை பல் இருக்கிற வாயில், ஒரு கீறல் படாமல்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நன்றாகக் கவனித்துத் தீனி போட்டால் முதலைகள் வருடத்துக்கு இரண்டு தடவை கூட முட்டை இடும். இனம் பெருகிவிட்டது, விடத்தான் ஆறு இல்லை. எந்த ஊர் ஆற்றில் விட்டாலும் குளிக்க வருபவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் ஒத்துக்கொள்வார்களா? மகாபலிபுரம் பக்கத்து முதலைப் பண்ணையிலிருந்து சில வருடங்களுக்கு முன் ஆயிரம் முதலைகளை குஜராத் ஜாம்நகருக்கு அனுப்பும் நிலை வந்ததும் இந்த இட நெருக்கடியால்தான். மணல் அள்ளாத கரையும் வற்றாத மடுவும் இல்லாமல் குஞ்சு பொரிப்பதை மட்டும் சாதனை என்று பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. செலவழிப்பதாக இருந்தால் ஆற்றுக்குச் செலவழியுங்கள்.

அப்புறம் சாப்பாடு. அணைக்கட்டுப் பக்கம் கடைகளில் ஜிலேபி மீனை மசாலா தடவி, கண் முன்னாலேயே பொரித்துத் தருகிறார்கள், வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து. அபாரம்! மசாலா காரம்தான், சின்னப் பிள்ளைகளுக்குக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். எடை போடும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள். திரும்பிவரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் விசாரித்து வைத்தால் அந்த எண்ணூறு ரூபாய் மிச்சம்.