காசுக்கு ஆடிய முதல் ஆள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஃபுட்பால் மேட்ச் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. ஃபைனல் அன்றைக்கு எதிர் டீமில் ஒரு புது மூஞ்சி உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கும், நம்ம பசங்க "யார்ணா இவரு, உங்க ஏரியாவே இல்லையே" என்று கிளம்புவார்கள், கமிட்டிக்காரர் வந்து சமாதானம் பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

1892 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்கிலும் இதே கூத்துதான். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, குறுக்கே வருபவனை இடித்துத் தள்ளுகிற ஆட்டம். அல்லெகெனி கிளப் வெளியிலிருந்து கூட்டி வந்த ஆள் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர். யேல் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1889 முதல் 1891 வரை மூன்று வருடமும் ஆல்-அமெரிக்கா அணியில் (நாட்டிலேயே சிறந்த காலேஜ் ஆட்டக்காரர்கள் என்று பொறுக்கிப் போடுகிற பட்டியல்) இடம் பிடித்தவர், ஆறடிக்கு மேல் உயரம். அவரைப் பார்த்ததுமே எதிர் டீமான பிட்ஸ்பர்க் கிளப்காரர்கள் ஆட மாட்டோம் என்று மைதானத்தை விட்டுப் போய்விட்டார்கள். கட்டியிருந்த பந்தயத்தையெல்லாம் ரத்து செய்த பிறகுதான் இறங்கினார்கள். அப்புறம் எதிராளி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஹெஃபல்ஃபிங்கர் ஒரே ஓட்டம், எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். அப்போது அதற்கு 4 பாயிண்ட். 4-0, அவ்வளவுதான் மேட்ச்.

அந்த ஒரு ஆட்டத்துக்கு 500 டாலர், வழிச்செலவு 25 டாலர் தனி. அன்றைக்குக் கூலியாள் ஒருவர் வருடம் முழுக்கப் பாடுபட்டால் பார்க்கிற காசு.

காசு வாங்கி ஆடக் கூடாது என்பது அமெச்சூர் விதி. அதனால் கிளப்புகள் வாட்ச் பரிசளிக்கும், ஆட்டக்காரர் நேராக சேட்டு கடைக்குப் போவார் (அங்கே சேட்டு யாரோ!), அடகுச் சீட்டை கிளப் ஆளே காசு கொடுத்து வாங்கிக்கொள்வார், அடுத்த மேட்சுக்கும் அதே வாட்ச். அல்லெகெனிக்காரர்கள் மட்டும் செலவுக் கணக்கில் ஹெஃபல்ஃபிங்கர் ஆடியதற்கு 500 என்று பச்சையாக எழுதி வைத்துவிட்டார்கள். அந்தத் தாள் இப்போது ஓஹியோவில், கேண்டன் ஊரில் இருக்கிற ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற மியூசியத்தில் இருக்கிறது. தெரிந்தவரை அந்த அமெரிக்க ஃபுட்பாலில் காசு வாங்கி ஆடிய முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

எனக்கு இதில் தப்பே தெரியவில்லை. முட்டி பேந்தால் கட்டுப் போடுகிற செலவு ஆட்டக்காரன் தலையில்தானே விழுகிறது, டிக்கெட் விற்கிற கிளப்புக்கு என்ன வந்தது?

அவர் அப்புறம் கலிஃபோர்னியா, லீஹை, மின்னசோட்டா என்று கோச்சாகப் போய்விட்டார். அல்லெகெனிக்கு ருசி கண்டுவிட்டது, அடுத்த வாரமே பென் டொன்னெலி என்ற இன்னொரு ஆட்டக்காரருக்கு 250 டாலர் கொடுத்து இறக்கினார்கள். அந்த மேட்ச் 0-8, தோல்வி.