பெட்டைத் தாராக்களை இனங்காணல்: களப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கு

விலங்கியல் பட்டப்படிப்பின் செய்முறைப் பரீட்சையில் எனக்குக் காட்டப்பட்ட படங்களுள் ஒன்று, நீரில் மிதக்கும் கபில நிறத் தாரா ஒன்றினுடையது. ஆண் பறவைகளின் பளிச்சென்ற நிறங்களை மட்டுமே மனனம் செய்துகொண்டு போயிருந்த நான், அதைக் கிளுவை என்னும் சிறிய தாரா என்று எழுதினேன். அது நீலச்சிறகி என்னும் வேறொரு தாராவின் பெட்டை. அதன்பின் இரண்டு மாரிகள் மன்னாரின் கட்டுக்கரைக்குளத்து அலைகரையிலும், 2010இல் ராம்சார் ஈரநிலமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்திலும் பார்த்துக் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

உடல் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் வலசைத் தாராக்களின் ஆண்கள் பகட்டான இறகுகளை உதிர்த்து, பெட்டையைப் போன்ற கபிலக் கோலம் கொள்கின்றன. நீலச்சிறகியின் ஆண் இக்கோலத்தில் மற்றவற்றைவிட நீண்டகாலம் இருப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் நம் குளங்களில் இறங்கும் கூட்டத்தில் புத்தகப் படத்திலுள்ள வெள்ளைப் புருவப்பட்டையைத் தேடுவதில் பயனில்லை.

முகத்தைப் பாருங்கள். நீலச்சிறகிப் பெட்டைக்குக் கண்ணின் மேலே வெளிறிய கோடும், கண்ணினூடே கருங்கோடும், அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டும், கன்னத்தில் மங்கலான கரும்பட்டையும் உண்டு, தொண்டை வெண்மையானது. கிளுவையின் முகம் இத்தனை கோடுகள் இல்லாதது. அலகு சற்றுச் சிறியது. வாலடியின் பக்கத்தில் ஒரு வெளிர்க்கீற்று தெரியும். கிளுவை இலங்கைக்கு அரிதாகவே வருகிறது, நீலச்சிறகியோ பெருங்கூட்டமாக வருகிறது என்பதால், அந்தக் கீற்றைக் காணாமல் கிளுவை என்று எழுதத் துணியக் கூடாது என்பது என் முடிவு. தட்டைவாயன் தாராவை அகன்ற அலகே காட்டிக்கொடுக்கும்; ஊசிவால் தாராப் பெட்டைக்கு நீண்ட கழுத்தும் கோடில்லாத முகமும் போதும்.

வன்னியில் அந்தி நேரத்தில் சீழ்க்கையடித்தபடி வயலுக்குப் பறக்கும் சிறிய சீழ்க்கைத்தாரா நமக்கெல்லாம் பழக்கமானது. அதன் வால்மேல் இறகுகள் செம்பழுப்பு நிறமானவை. மிக அரிதாக வரும் பெரிய சீழ்க்கைத்தாராவுக்கு அவ்விடம் வெண்மையாக இருக்கும்; விலாவில் வெண்கீற்றுகளும் உண்டு. நீரில் இருக்கும்போது வால்மேல் நிறம் எளிதில் தெரியாது. எழும்பும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

அப்படியொரு கணம் எனக்கு மறக்க முடியாதது. ஒரு காலை, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக் குளக்கட்டில் அமர்ந்திருந்தேன். முன்னே ஏறத்தாழ நாற்பது கபிலத் தாராக்கள்; ஒன்றையொன்று வேறுபடுத்த முடியவில்லை. சேற்றுப் பருந்து ஒன்று தாழப் பறந்ததும் அனைத்தும் எழும்பின. அவற்றுள் சிலவற்றின் முன்சிறகில் வெளிர் நீலச்சாம்பல் நிறம் விரிந்தது; அவை நீலச்சிறகியின் ஆண்கள். உடல் இறகு மாறினாலும் ஆணின் சிறகு நிறம் மாறுவதில்லை என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அதனால் தொலைநோக்கியை இறக்குவதற்கு முன் கூட்டம் எழும்பும்வரை பொறுத்திருங்கள். கண்டதை, வழிகாட்டி நூலைத் திறப்பதற்கு முன்பே, கொப்பியில் கோட்டுப்படமாக வரைந்துவிடுங்கள்.