அல்சூர் மாடியில் ஒரு கதை மாலை

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழில் கதை எழுதுகிறவர்கள் அங்கே கூடுகிறார்கள். பேனர் கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது, பொன்னாடை கிடையாது. பாய் விரித்து உட்கார்ந்து எழுதுகிறார்கள், எழுதியதை வாசிக்கிறார்கள். உறவினர் கல்யாணத்துக்காக நான் அந்த ஊருக்குப் போயிருந்தபோது, அங்கேயே பல வருடமாக இருக்கும் நண்பர் ஒருவர் என்னையும் கூட்டிப்போனார்.

மெட்ரோவில் ஹலசூரு நிலையத்தில் இறங்கி (அல்சூரின் கன்னடப் பெயர் அது), சோமேஸ்வரர் கோயில் வழியாக நடந்தோம். பூக்கடைகளிலும் காய்கறித் தள்ளுவண்டிகளிலும் தமிழ்தான் கேட்டது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பை அமைத்தபோது, மதராஸ் படையோடு சிப்பாய்களும் அவர்களை நம்பிப் பிழைத்த தையல்காரர்களும் சமையல்காரர்களும் கடைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் இன்றைக்கும் ஏரிக்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. இருநூறு வருடக் குடியிருப்பு இது. இங்கே இருப்பவர்களை 'வெளியூரில் வாழும் தமிழர்' என்று நாம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்கு இதுதான் சொந்த ஊர்.

ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையையும் பார்த்தோம். 1991-இல் திறக்கப்பட்டிருக்க வேண்டிய சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பினால் 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். அதற்கு ஈடாக, நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நண்பர் சிலையைக் காட்டி, "துணி சுத்தியிருந்த காலத்துல நாங்க இந்தப் பக்கமாத்தான் வேலைக்குப் போவோம். அதையும் எங்க குரூப்ல ஒருத்தர் எழுதிட்டிருக்கார்" என்றார்.

மாடிக்குப் போனபோது பத்துப் பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை, எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'. விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், ஐ.டி.காரர்கள் மூன்று பேர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். நடுவில் ஒரு பெரிய பிளாஸ்க் காபியும், தட்டு நிறைய காங்கிரஸ் கடலையும், வளையம் மாதிரி பொரித்த கோடுபளேயும். பெங்களூர் போகிறவர்கள் காங்கிரஸ் கடலையைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. உடைத்த வேர்க்கடலையில் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டு வறுத்தது. ஐந்தரை மணிக்கே காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர் அல்லவா, ஸ்வெட்டர் இல்லாமல் மாடியில் உட்கார முடியாது.

அன்றைக்கு டீச்சர் கொடுத்த பயிற்சி இது: யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பொருளை ஒளித்து வைக்கிறார். ஏன் என்று கதையில் சொல்லக் கூடாது, ஆனால் கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். நேரம் 25 நிமிடம். என் கையிலும் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டார். எழுதி முடித்ததும் ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். வாசித்தவர் அதன் பிறகு வாய் திறக்கக் கூடாது. கேட்டவர்கள் முதலில் மனசில் நின்றதைச் சொல்வார்கள், அப்புறம் கவனம் எங்கே விலகியது என்று சொல்வார்கள். 'நல்லா இருக்கு', 'அருமை' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார அனுமதி இல்லை.

எஸ்.பி. ரோட்டு அண்ணன் முதலில் வாசித்தார். அவர் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல்காரர். கோலார் தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். 1880-களிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். அவர் கதையில், சுரங்கம் மூடப்பட்ட மறுநாள் காலை அம்மா அப்பாவின் ஹெல்மெட்டை அரிசி டிரம்முக்குள் வைத்து மேலே அரிசியைக் கொட்டுகிறாள். அப்பா வழக்கமான ஷிப்டு நேரத்துக்கு எழுந்து குளிக்கிறார், வீடு முழுக்கத் தேடுகிறார், எதுவும் கேட்காமல் வெறுந்தலையோடு கிளம்பிப் போகிறார்.

வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் ஐ.டி. பையன் ஒருவன், "அம்மா மனசு உடைஞ்சுபோச்சுன்னு ஒரு வரி இருக்கே, அது வேணாம்ணா. அரிசியைக் கொட்டும்போதே தெரிஞ்சிடுச்சு" என்றான். அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார், டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். எச்.ஏ.எல். சாருக்கு முடிவு போதவில்லை. அப்பா என்றைக்காவது அந்த ஹெல்மெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அந்த அரிசி எத்தனை நாளில் தீரும் என்று எல்லாரும் கணக்குப் போடுவோம், அது போதும் என்றார் டீச்சர்.

பேச்சு முடிந்து காபி குடிக்கும்போதுதான் எனக்கு அந்த மாலையின் முக்கியமான விஷயம் கிடைத்தது. கே.ஜி.எஃப். வீடுகளைப் பற்றி நான் கேட்டேன். அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "கீழ பாறை வெடிச்சா மேல ஷெல்ஃப்ல பாத்திரம் எல்லாம் ஆடும் சார். எங்கம்மா அடுப்புகிட்ட அப்படியே நின்னுடுவாங்க. யார் யார் ஷிப்டுல இருக்காங்கன்னு மனசுல எண்ணுவாங்க." அங்கே இருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அவ்வளவு ஆழத்தில் பாறையின் மேல் இருக்கிற அழுத்தத்தில் அது தானாகவே வெடிக்கும். அந்த அதிர்வு ஊருக்குள் கேட்கும்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "இதை ஏன்பா எழுதல?"

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே டீச்சர்."

"கே.ஜி.எஃப்.ல எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. போய் அந்தப் பாத்திரத்தை ஆடவிட்டு, அப்புறம் ஹெல்மெட்டை ஒளிச்சு வை."

எழுதச் சொல்லித் தருவதைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. நமக்கு ரொம்பப் பழகிப்போனது எழுதும்போது கண்ணிலேயே படாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னொருவர்தான் அதை எடுத்துக் காட்ட முடியும். தனியாக அறையில் உட்கார்ந்து எத்தனை முறை திருத்தினாலும் அந்த அண்ணனுக்கு அந்தப் பாத்திரச் சத்தம் கதைக்குள் வந்திருக்காது. அதற்காகவே ஊருக்கு ஊர் இப்படி ஒரு மாடி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கல்லூரிப் பெண்ணின் கதை பற்றியும் சொல்ல வேண்டும். அவள் இங்கிலீஷ் மீடியம், பள்ளியில் கன்னடம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே சமீபத்தில்தான். போனிடம் மெதுவாகப் பேசிப் பேசி எழுதுகிறாள். அவள் கதையில், கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு பாட்டி, மகன் வருவதைப் பார்த்ததும் அன்றைய பணத்தை ஈரத்துணிக்கு அடியில் தள்ளுகிறாள். மகன் ஒரு முழம் பூ கேட்கிறான். பாட்டி அளந்து கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. நீளமான வாக்கியம் அவளுக்கு வராது, அதனாலேயே ஒவ்வொரு வாக்கியமும் கல் மாதிரி நின்றது. எச்.ஏ.எல். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னொரு தடவை படிம்மா" என்றார்.

அந்தக் கதையில் இடையே ஒரு போலீஸ்காரர் வந்து கன்னடத்தில் அதட்டுகிறார். அதைத் தமிழாக்க வேண்டுமா, அப்படியே விடலாமா என்று நல்ல சண்டை நடந்தது. திருநெல்வேலியில் படிக்கிறவருக்குப் புரியாதே என்றார் சார். "பாட்டிக்குப் புரியுது இல்ல சார், அது அவங்க முகத்துல தெரியும்" என்றாள் அந்தப் பெண். நான் அவள் பக்கம். இந்த ஊரில் இரண்டு மொழிகளும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. கன்னடச் சிறுகதையின் பெரிய முன்னோடி, 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கு வீட்டு மொழி தமிழ். சுஜாதா இங்கே மின்னணுத் தொழிற்சாலையான பி.இ.எல்.-இல் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். பாவண்ணன் இங்கிருந்துதான் கன்னட நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இவ்வளவு இருந்தும் கண்டோன்மென்ட் சந்துகளும், பின்னி துணி மில் குடும்பங்களும், கே.ஜி.எஃப்.-இன் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி வேலைக்கு வருகிறவர்களும் தமிழ்க் கதைகளில் எனக்கு அதிகம் தட்டுப்படவில்லை. தஞ்சாவூரும் நெல்லையும் கிடைத்த அளவுக்கு இந்த வாழ்க்கை கிடைக்கவில்லை. வெளியிலிருந்து போகிற என்னைப் போன்றவர்கள் இதை எழுத முடியாது. அந்த மாடியில் இருப்பவர்கள் எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

என் பக்கத்தையும் வாசித்தேன். அவர்களுக்கு அதில் நின்றது ஒரு சாவிக்கொத்து. அதை வைத்துக்கொண்டு மீதியைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

எட்டரைக்குப் பாயைச் சுருட்டினோம். அடுத்த கூட்டத்துக்கான வேலையாக, உங்கள் தெருவில் இப்போது இல்லாத ஒரு கடையில் நடந்த வியாபாரத்தை எழுதி வரச் சொன்னார் டீச்சர். படி இறங்கும்போது அண்ணனிடம் மாரிகுப்பம் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நேரத்தைச் சொல்லிவிட்டு, "இறங்கினதும் தங்கம் பிரிச்ச சயனைடு கழிவு மண்மேடு தெரியும் சார், அதுக்கு இந்தப் பக்கம் எங்க லைன் வீடு. அண்ணி இருப்பாங்க, போன் பண்ணிச் சொல்லிடறேன், சாப்பிட்டுட்டுத்தான் வரணும்" என்றார். மறுநாள் காலை அந்த ரயிலைப் பிடித்தேன். கே.ஜி.எஃப். பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.