லாகின் ஆகாத ஸ்கேனும் பச்சை ரிப்போர்ட்டும்

போன மாதம் எங்கள் ஆபீஸில், சர்வர்களில் பாதுகாப்பு ஓட்டை தேடுகிற ஸ்கேனின் ரிப்போர்ட் வந்தது. 38 லினக்ஸ் சர்வர், இரண்டு மூன்று மஞ்சள் தவிர எல்லாம் சுத்தம். மேனேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார். ராயபுரத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் பார்க்கிற கம்பெனி எங்களுடையது. சர்வர்களுக்கு ஒழுங்காக அப்டேட் போட்டே ஒரு வருஷம் இருக்கும், அவ்வளவு பச்சையாக வர வாய்ப்பே இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே ஸ்கேன் ஓட்டுகிற மென்பொருளான நெஸ்ஸஸில் 19506 என்ற ப்ளகினை, அதாவது அதன் சோதனைத் துண்டுகளில் ஒன்றைத் திறந்தேன். ஸ்கேன் எப்படி ஓடியது என்று சொல்வது அதுதான். உள்ளே நுழைந்து சோதித்ததா என்ற வரிக்கு நேரே ‘நோ’. 38-லும் நோ.

காரணம் சப்பையானது. பழைய ஸ்கேன் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்ட் 90 நாளில் காலாவதியாகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. ஸ்கேனர் வாசலில் நின்று திறந்திருக்கிற போர்ட்டை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பியிருக்கிறது. யார்டு பார்க்கிற அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “சீல் நம்பரப் பாத்துட்டு கன்டெய்னருக்குள்ள இன்னா சரக்குன்னு எழுதிக் குடுத்துக்கிறான், அதானே?” என்றார். அதேதான்.

வெளியே நின்று பார்த்தால் எதிர்ப்பக்கமும் தப்பு நடக்கும். தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் ஆக உதவுகிற எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2024 ஜூலையில் வெளிவந்த ஓட்டை, பதிவு எண் சிவிஇ-2024-6387, அதற்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 பேட்ச் கொடுத்தபோது வெர்ஷன் 8.9பி1 என்றே இருந்தது, பின்னால் ஒட்டுகிற உபுண்டு எண்தான் மாறியது. முன் எண்ணை மட்டும் பார்க்கிற ஸ்கேனர் சரிசெய்த சர்வரையும் சிவப்பில் போடும். உள்ளே போனால் பேக்கேஜ் பட்டியலையே படித்துச் சரியாகச் சொல்லும்.

சரி, புதிதாக ஒரு அக்கவுன்ட் போட்டேன், இந்த முறை பாஸ்வேர்ட் இல்லாமல் கீ: ஸ்கேனரில் ரகசியமான பிரைவேட் கீ, சர்வரில் அதற்கு ஜோடியான பப்ளிக் கீ. கீயே ஏன் என்று கேட்டவர்களுக்கு: ஸ்கேனர் நெட்வொர்க்கில் எஸ்எஸ்எச்சின் வழக்கமான 22-ஆம் போர்ட்டில் பதில் சொல்கிற எதன் கதவையும் தட்டும். எவனாவது ஒரு லேப்டாப்பில் போலி எஸ்எஸ்எச் சர்வரை ஓட விட்டிருந்தால், பாஸ்வேர்ட் நேராக அவன் கைக்குப் போய்விடும். கீயில் அந்தத் தொல்லை இல்லை, பிரைவேட் கீ ஸ்கேனரை விட்டு வெளியே போவதே இல்லை. சர்வரில் பப்ளிக் கீயை ஏற்றும்போது அந்த வரியின் முன்னால் ‘ஃப்ரம்’ போட்டு ஸ்கேனரின் ஐபியை எழுதிவிடுங்கள், வேறு மெஷினிலிருந்து அந்தக் கீ வேலை செய்யாது.

ஒரு சர்வர் மட்டும் கீயை ஏற்கவே மாட்டேன் என்றது. ராத்திரி எட்டு மணி வரை கீயை அழித்து அழித்துத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன், லாகை முதலிலேயே பார்த்திருந்தால் ஆறு மணிக்கே தண்டையார்பேட்டையில் வீட்டில் இருந்திருப்பேன். ஹோம் டைரக்டரியின் பர்மிஷன் 775. குரூப்பில் இருப்பவனும் எழுதலாம் என்றால் எஸ்எஸ்எச் அந்தக் கீயை நம்பாது, லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் மறுத்துவிடும். 755 ஆக்கினேன், உள்ளே விட்டது.

அப்புறம் பழைய லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 6 ஓடுகிற அந்தக் கிழட்டு சர்வர். ஆபீஸ் 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் சர்வரும் அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள். அதிலிருக்கிற ஓப்பன்எஸ்எஸ்எச் 5.3-க்கு இடி25519 என்ற புது வகைக் கீ தெரியாது, தனியாக ஆர்எஸ்ஏ என்ற பழைய வகைக் கீ ஒன்று போட வேண்டியதாயிற்று. சாதாரண அக்கவுன்ட்டை ரூட், அதாவது நிர்வாகி, அதிகாரத்தில் கமாண்ட் ஓட்ட விடுகிற சூடோவிலும், டெர்மினல் இல்லாமல் ஓட விடாத ‘ரிக்வயர்டிடிவை’ இருந்தது, இந்த ஒரு அக்கவுன்ட்டுக்கு மட்டும் அதை எடுத்தேன்.

சூடோ என்றதும் ஆபீஸில் சண்டை. நாலு கமாண்ட் மட்டும் கொடு என்றார் மேனேஜர். ஸ்கேனர் ஓட்டுவது நூற்றுக்கணக்கான கமாண்ட், ப்ளகின் அப்டேட் ஆக ஆக அதுவும் மாறும், பட்டியல் போட்டால் லாகின் ஆகும், ஆனால் பாதி சோதனை விழும், பழையபடி பொய்ப் பச்சை. முழு சூடோ கொடுத்துத்தான் ஆகவேண்டும், அப்படியென்றால் அது கிட்டத்தட்ட ரூட் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதனால்தான் அந்த ஐபி கட்டுப்பாடு, ஸ்கேனர் மெஷினையும் இரண்டே பேர் தொடலாம் என்ற விதி. தப்பான லாகின் முயற்சி அதிகமானால் அந்த ஐபியைத் தடுக்கிற ஃபெயில்2பேனின் விதிவிலக்கில் ஸ்கேனர் ஐபியைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பாதி ஸ்கேனில் கதவு சாத்திவிடும்.

நேற்று மறுபடி ஓட்டினேன். 36 ‘யெஸ்’, 2 ‘நோ’. ரிப்போர்ட் போன மாதத்தைவிடப் பலமடங்கு நீளம், முதல் பக்கமே சிவப்பு. மேனேஜர் ஸ்கேனர் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார். அந்த இரண்டு ‘நோ’ திருவொற்றியூர் குடோனில் இருக்கிறது, ரூட் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று திங்கட்கிழமை போய் விசாரிக்க வேண்டும்.