நோம்பிக்கு வீடியோ கால்

குலதெய்வம் கோயிலில் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டி அறிவித்தால் கோயிலில் பொங்கல் வைக்கிற நாளுக்கு எட்டு நாளோ பதினைந்து நாளோதான் மிச்சம் இருக்கும். அதற்குள் டல்லாஸிலோ துபாயிலோ இருப்பவர் லீவு சொல்லி, டிக்கெட் போட்டு, காங்கயத்துக்கோ கோபிக்கோ வந்து சேர்வது நடக்கிற காரியமில்லை. ஆக, வீடியோ கால்தான். அதுவும் பூசாரி கற்பூரத்தைத் தூக்குகிற நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடும்.

ஊரில் நேரம் சொல்கிற விதத்திலேயே முதல் குழப்பம். "செவ்வாய் ராத்திரி விடிஞ்சா புதன், அஞ்சு மணிக்கு மாவிளக்கு" என்பார்கள். நமக்குப் புதன் காலை 5 மணி என்றால் சிங்கப்பூரில் புதன் 7.30, துபாயில் 3.30. நியூயார்க்கில் அது செவ்வாய் சாயங்காலம் 7.30, டல்லாஸில் 6.30. அமெரிக்காவில் இருந்துகொண்டு காலண்டரில் புதன் என்று குறித்து வைத்தால் நோம்பி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். பங்குனி, சித்திரை நோம்பிகளுக்குத்தான் இந்த அமெரிக்கக் கணக்கு. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதால், அதற்கு முந்தி வரும் மாசிச் சிவராத்திரிக்கு ஒரு மணி நேரம் கழித்துக்கொள்ள வேண்டும்: நியூயார்க்கில் 6.30. பூசாரி சொல்கிற 5 மணி 6 ஆவது வேறு கதை. அதனால் 5 மணியிலிருந்தே லைனில் இருக்காதீர்கள், பேட்டரிதான் போகும். அபிஷேகம் முடிந்து திரை போட்டதும் ஒரு வாய்ஸ் மெசேஜ், அதைக் கேட்டதும் கால் என்று பேசி வைத்துக்கொள்வதே மேல்.

சாதாரண நாளில் கோயிலில் சிக்னல் நன்றாகவே இருக்கும். நோம்பி அன்றைக்கு ஒரே டவரில் ஊர் மொத்தமும் தொங்கும், அத்தனை பேரும் படம் அனுப்புவார்கள். அடி வாங்குவது அப்லோடு. அதனால்தான் வெளிநாட்டில் இருப்பவர் முகம் இங்கே தெளிவாகத் தெரியும், இங்கிருந்து போகிற படம் மட்டும் கட்டம் கட்டமாக உடையும்.

"கண்ணு, உம்பட மூஞ்சி நல்லாத் தெரியுது. சாமி தெரியுதா?"

"இல்லீங்கம்மா, தரைதான் தெரியுது."

தரை தெரிவது அம்மாவின் கை சாய்ந்ததால். ஆனால் அவர் போனை நிமிர்த்திப் பிடித்தாலும் நெரிசலில் படம் வராது. போனில் இரண்டாவது சிம் வேறு கம்பெனியுடையதாக இருந்தால் டேட்டாவை அதற்கு மாற்றிப் பாருங்கள். 5ஜி விட்டு விட்டு வரும் இடமென்றால் செட்டிங்ஸில் 4ஜிக்கு இறக்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் போன் 5ஜியைத் தேடியே திணறும். கல் மண்டபத்துக்குள் போகப் போகச் சிக்னல் குறையும். வெளியே விளக்குத்தூண் பக்கம் நின்று, வாசல் வழியாக நேராகப் பார்க்கிற மாதிரிப் பிடிப்பதே பெரும்பாலும் சரிப்படும். இதையெல்லாம் இரண்டு நாள் முந்தியே அதே இடத்தில் நின்று ஒரு தடவை பேசிப் பார்த்துவிட வேண்டும். நோம்பி அன்றைக்குச் செட்டிங்ஸ் பக்கமே போகக் கூடாது.

எவ்வளவு செய்தாலும் நேரலையை நம்பியே இருக்காதீர்கள். இன்னொரு போனில் தனியாகப் பதிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். மேளச் சத்தத்துக்காகவே இதைச் சொல்கிறேன். வீடியோ காலில் பேசும்போது மென்பொருள் மனிதக் குரலைத்தான் காப்பாற்றும். பம்பையும் உருமியும் அதற்கு இரைச்சல், வெட்டி எறிந்துவிடும். பதிவு செய்கிற போனில் இடம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி தின்னும். 64 ஜிபி போனில் பாதியை ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அடைத்துக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போனால் எந்தக் குரூப் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். மேலே இருக்கிற இரண்டு மூன்றைக் காலி செய்தாலே போதும். தானாக டவுன்லோடு ஆவதையும் அங்கேயே நிறுத்திவிடலாம். பதிவை அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் வாட்ஸ்அப் அதை நசுக்கித்தான் அனுப்பும்.

லென்ஸைத் துடைக்க யாருக்கும் நினைவிருக்காது. மாவிளக்கு நெய்யும் திருநீறும் பட்ட விரல் அதில் ஒரு தடவை உரசினால் போதும், கற்பூர ஜோதி திரை முழுக்க நீளக் கோடாக இழுத்துக்கொண்டு போகும். நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன்னால் வேட்டி முனையால் துடைத்துப் பாருங்கள். பூசாரிக்குப் பின்னால் டியூப் லைட் எரிந்தால் அவரும் அம்மனும் கறுப்பாகத்தான் தெரிவார்கள். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் சரியாகும். சித்திரை வெயிலில் பவர் பேங்க் மாட்டியபடியே வீடியோ கால் ஓடினால் போன் கொதித்துக் கேமராவையே நிறுத்திவிடும். கவரைக் கழற்றுங்கள், முந்தியே முழுதாகச் சார்ஜ் போட்டு வாருங்கள்.

பெரிய வீடியோவை வீட்டு வைஃபையில்தான் அனுப்ப முடியும். தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர் பெரும்பாலும் தென்னை மரங்களுக்கு நடுவே தொங்கித்தான் வரும். ஒரு மட்டை விழுந்தால் அறுந்துவிடும், அணிலும் கடிக்கும். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். அந்த விளக்கு அணைந்திருந்தும் இன்டர்நெட் வரவில்லை என்றால் ஒரு தடவை அணைத்துப் போடலாம். கரண்ட் போகிற ஊருக்கு மோடத்துக்கென்றே இருக்கும் சின்ன யுபிஎஸ் போதும். மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டும் (பெரும்பாலும் 12) ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 10,000 எம்ஏஹெச் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும்.

நோம்பிக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற தலைக்கட்டு வரிக்கு வருவோம். வெளிநாட்டில் வேலைக்குப் போன பிறகு பழைய சேமிப்புக் கணக்கையே ஓட்டிக்கொண்டிருப்பது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி கூடாது, வெளிநாட்டில் இருப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். என்ஆர்ஓவிலோ, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடுகிற என்ஆர்இ கணக்கிலோ வெளிநாட்டு போன் நம்பரையே பதிந்து யுபிஐ ஓட்ட 2023 ஜனவரியில் 10 நாடுகளுக்கு வழி திறந்தார்கள். அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் அதில் அடக்கம். உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணம் போட்டதும் அப்பா பெயரில் ரசீது எழுதச் சொல்லுங்கள். அமெரிக்கக்காரர் பெயரில் எழுதினால் அப்பா தலைக்கட்டுக்கு வரி பாக்கி என்று மைக்கில் வாசித்துவிடுவார்கள்.

எல்லாக் கோயிலிலும் இந்த வீடியோ கால் நடக்காது. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. பங்காளிகள் கோயிலில் பூசாரியும் பெரியவர்களும் சொல்வதுதான் சட்டம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒளித்துப் பிடிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பக்கம் வாடகை ஃபிளாட்டில் கும்பிடுகிறவருக்கு: ஒற்றைத் திரி விளக்கு போதும். கற்பூரமும் சாம்பிராணியும் ஸ்மோக் அலாரத்தைக் கத்த வைக்கும். ஊரிலிருந்து யாராவது வந்தால் திருநீறு, குங்குமம், காப்புக்கயிறு கொடுத்தனுப்பலாம். அமெரிக்கா போகிறவர் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள், பெட்டியில் போடுங்கள். பூ, பழம், முளைப்பாரி விதை மட்டும் வேண்டாம். ஆஸ்திரேலியா என்றால் பிரசாதம் எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும்.

போனை யார் பிடிப்பது? அம்மா கையில் மாவிளக்குத் தட்டு இருக்கும், அவர் வேண்டாம். பங்காளி வீட்டுக் கல்லூரிப் பையன் ஒருவனைப் பிடியுங்கள். கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கையெடுப்பார்கள், அவனால் முடியாது. அவனுக்கு மட்டும் பூசாரியிடம் தனியாகத் திருநீறு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.